வீடா, பராமரிப்பு இல்லமா, மறுவாழ்வு மையமா? இரவு 2 மணியை வைத்துப் பாருங்கள்

"நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். அம்மாவால் எழுந்து உட்கார முடியாது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். சென்னையில் எந்த ஹோம் நல்லது?"

வார்த்தைகள் மாறினாலும் எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்னால்தான் வரும். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிய களைப்போடு, போனில் நாலு இடத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். போட்டோவில் எல்லா இடத்திலும் சுவர் வெள்ளையாக இருக்கும், வாசலில் துளசி மாடம் இருக்கும், ஒரு பாட்டி கேரம் ஆடிக்கொண்டிருப்பார்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தபோது நானும் இப்படித்தான் போட்டோ பார்த்தேன். (நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.) பிறகு 14 மாதத்தில் மூன்று வழியையும் பார்த்துவிட்டோம். முதலில் 5 வாரம் மறுவாழ்வு மையம் (பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் தரும் இடம்), அப்புறம் 4 மாதம் மடிப்பாக்கம் வீட்டில் ஆள் வைத்து, கடைசியில் பராமரிப்பு இல்லம், அதிலும் இரண்டு. இந்த ஒப்பீடு அந்த 14 மாதத்திலிருந்து வந்தது.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். சென்னையில் "நர்சிங் ஹோம்" என்றால் பத்து இருபது படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போகிற இடம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதே சொல்லை வயதானவர்கள் மாதக்கணக்கில் தங்கும் இடம் என்ற பொருளில் சொல்கிறார்கள். அண்ணன் அங்கிருந்து "நர்சிங் ஹோம் பார்" என்று சொல்ல, தங்கை இங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய கதையெல்லாம் உண்டு. இங்கே நான் பேசுவது நீண்ட நாள் பராமரிப்பைப் பற்றி.

## எதை வைத்து ஒப்பிடுவது

இடத்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். முதியோர் மருத்துவத்தில் ஆறு அன்றாட வேலைகளைக் கணக்கில் எடுப்பார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இதில் எத்தனைக்கு இன்னொருவர் கை வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு என்றால் ஒரு முடிவு, ஐந்து ஆறு என்றால் வேறு முடிவு. அத்தைக்கு டிஸ்சார்ஜ் அன்று ஐந்து. வலது கையால் தானே சாப்பிடுவார், அது ஒன்றுதான் மிச்சம்.

இதை நாமே உத்தேசமாகப் போடுவதைவிட முதியோர் மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. நாட்டிலேயே முதியோர் மருத்துவத்துக்கு முதலில் பிரிவு தொடங்கியது நம் சென்னை மருத்துவக் கல்லூரிதான். 1978-ல் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. அரசு இடம் என்பதால் மதிப்பீட்டுக்குப் பெரிய செலவு ஆகாது. நாங்கள் இதைக் கடைசியில்தான் செய்தோம். முதலில் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது இரவு. பகலில் எல்லா இடமும் நன்றாகவே இருக்கும். புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் பின் இடுப்பு எலும்பு, குதிகால், இடுப்புப் பக்கங்கள் என்று எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் அமுங்கி, தோல் முதலில் சிவந்து, பிறகு உரிந்து, படுக்கைப் புண்ணாகும். சிவப்பை அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நிற்கிறதா, புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரவு 10 மணிக்குத் திருப்பினால் அடுத்தது 12, 2, 4. அந்த 2 மணிக்கு யார் விழித்திருப்பார்கள்? எந்த வழியைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி இதுதான்.

மூன்றாவது, கைத்தேர்ச்சி. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். படுக்க வைத்துக் கொடுத்தால் கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஆளைத் தூக்கும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, இரண்டு தூரங்கள்: அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தாண்டித் தோட்டத்தோடு இருக்கும் இடம் மனதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் மாதம் ஒருமுறைதான் போவீர்கள். உறவினர் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பார் என்ற இடத்தில் பராமரிப்பு தானாகவே ஒரு படி கூடிவிடுகிறது. இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்தது அது.

கடைசியாகச் செலவு. சொல்லும் தொகையைப் பார்க்காதீர்கள், மாதக் கடைசியில் கைவிட்டுப் போன தொகையைப் பாருங்கள்.

## 1. வீட்டிலேயே, ஆள் வைத்து

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. சொந்தப் படுக்கை, சொந்த ரசம், பழகிய பூஜை அறை மணி. மறதி நோய் உள்ளவருக்கு இது வெறும் பாசம் சார்ந்த விஷயமும் இல்லை: இடம் மாறினால் குழப்பம் சட்டென்று கூடும், இரவில் எழுந்து "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார்கள்.

ஏஜென்சிகள் இரண்டு வகை ஆளை அனுப்புகின்றன. ஒருவர் அட்டெண்டர்: குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, ஊட்ட. இன்னொருவர் நர்ஸ்: ஊசி, குழாய், புண் டிரெஸ்ஸிங். சம்பளம் வெகுவாக வேறு. ஆனால் ஏஜென்சி போனில் இரண்டு பேரையுமே "சிஸ்டர்" என்றுதான் சொல்லும். இன்சுலின் போட வேண்டும், மூக்குக் குழாய் இருக்கிறது என்றால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் வந்திருப்பவர் அட்டெண்டர்.

இப்போது எங்கள் கணக்கு. 24 மணி நேர அட்டெண்டருக்கு மாதம் 27,000 ரூபாய் என்றார்கள். அதோடு ஆஸ்பத்திரிக் கட்டில், ஏர் பெட் வாடகை 4,500. டயப்பர் ஒரு நாளைக்கு ஐந்து, ஒன்று 45 ரூபாய் வீதம் 6,750. பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள், ஒருமுறைக்கு 600, மாதம் 7,200. அட்டெண்டரின் சாப்பாட்டுக்கு உத்தேசமாக 4,000. கூட்டினால் 49,450. மருந்து இதில் சேரவில்லை. இது எங்கள் தெருவில், எங்கள் ஏஜென்சியில் வந்த கணக்கு, உங்களுக்கு மாறும். வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணமாக வராத செலவும் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அட்டெண்டர் ஊருக்குப் போவார். "ரீப்ளேஸ்மென்ட் அனுப்புறோம் மேடம்" என்ற வாக்கியத்தை நம்பி லீவு போடாமல் இருந்துவிடாதீர்கள். 4 மாதத்தில் எங்களுக்கு ஐந்து பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தது நான்.

"24 மணி நேரம்" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷி 24 மணி நேரம் விழித்திருக்க முடியுமா? பகலெல்லாம் உழைத்தவர் இரவு 11 மணிக்கு அத்தையின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கினார். அது அவர் தப்பு இல்லை. நாங்கள் பக்கத்து அறையில், நிம்மதியாக. மூன்றாவது வாரம் சாக்ஸைக் கழற்றியபோது இடது குதிகாலில் நாலணா அளவுக்குக் கறுத்திருந்தது. எங்கள் வீட்டில், எங்கள் கண் முன்னால். "ஹோமில் போட்டால் கவனிக்க மாட்டார்கள், வீட்டில்தான் நல்லா பார்த்துக்கலாம்" என்று சொன்ன சொந்தக்காரர்கள் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. புண் ஆற இரண்டரை மாதம் ஆனது.

வீடு எப்போது சரி? ஆறு வேலையில் ஒன்றிரண்டுக்குத்தான் உதவி வேண்டும், அல்லது இரவுக்கும் பகலுக்கும் தனித்தனி ஆள் வைக்க முடியும், வீட்டில் மேற்பார்வைக்கு ஒருவர் இருக்கிறார் என்றால். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி என்றால் கணக்கே வேறு, ஒவ்வொரு ஆஸ்பத்திரி விஜயத்துக்கும் தூக்க நாலு பேர் வேண்டும். எதற்கும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" பற்றி விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீடு தேடி பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு.

## 2. முதியோர் பராமரிப்பு இல்லம்

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஷிப்ட் முறையில் ஆள் கிடைப்பது இதன் பெரிய பலம். தூக்க இரண்டு பேர் வேண்டுமென்றால் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் லீவில் போனால் இன்னொருவர் வருவார். வீட்டில் மகளோ மருமகளோ முதுகு ஒடிந்து கிடக்க வேண்டியதில்லை.

எங்களுக்குச் சொன்ன தொகை மாதம் 38,000. டயப்பர் 6,750, பிசியோ 6,000, டாக்டர் விசிட் 1,500, கையுறை, துடைக்கும் துணி வகையறா 1,200 எல்லாம் தனி. மொத்தம் 53,450. சொன்ன தொகையை வைத்துப் பார்த்தால் வீட்டைவிட 11,000 அதிகம். உண்மைக் கணக்கில் வித்தியாசம் 4,000-தான்.

ஒப்பந்தத்தில் நாங்கள் கவனிக்காமல் விட்டவை: ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கும் நாட்களுக்கும் படுக்கைக் கட்டணம் ஓடும். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் அனுப்பினால் நாள் கூலி தனி. காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ். டெபாசிட்டை எத்தனை நாளில் தருவார்கள், இறந்துவிட்டால் என்ன கணக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்கவே நாக்கு கூசும், ஆனாலும் கேளுங்கள். ஜிஎஸ்டி உண்டா என்பதும் கேள்வி. வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்தால், 60 வயதைத் தாண்டியவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது.

முதலில் சேர்த்த இல்லத்தில் எல்லாம் பளபளப்பு. மாலை 6 மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். "சீக்கிரம் சாப்பிட்டா சீக்கிரம் செரிக்கும் மேடம்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். உண்மையில் பகல் ஷிப்ட் போவதற்குள் எல்லோரையும் படுக்கப் போட்டுவிட வேண்டும், அதற்குத்தான் அந்த அவசரம். மறுநாள் டிபன் 8 மணிக்கு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு 14 மணி நேர இடைவெளி. ஒரு நாள் விடியற்காலை அத்தை வியர்த்து, பேச்சு குழறிக் கிடந்திருக்கிறார். சர்க்கரை 54. கவனித்தது இரவு ஆள் இல்லை, காலை 6 மணிக்கு வந்த பெருக்குகிற அம்மா. அந்த மாதமே மாற்றிவிட்டோம்.

இரண்டாவது இடத்தைத் தேடும்போதுதான் எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டேன். சொல்லாமல் போக வேண்டும், இரவு 8 மணிக்கு மேல், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. வரவேற்பறையில் உட்காராமல் உள்ளே நடங்கள். ஃபினாயில் வாசனை தூக்கலாக இருந்தால் அது எதை மூடுகிறது என்று யோசியுங்கள். படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? அழைப்பு மணியின் ஒயர் சுவரில் சுருட்டி மாட்டப்பட்டிருக்கிறதா, படுக்கையில் கிடக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? மணிக்கட்டில் கட்டிய தடம் இருக்கிறதா? குழாயைப் பிடுங்குகிறவர்களைக் கட்டிப்போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எப்போது கட்டுவீர்கள், யாரைக் கேட்டுக் கட்டுவீர்கள் என்று நேராகவே கேளுங்கள். எல்லோரும் 7 மணிக்கே அசையாமல் தூங்கினால் மருந்துத் தாளைக் கேட்டு வாங்கித் தூக்க மாத்திரை எத்தனை பேருக்கு ஓடுகிறது என்று டாக்டரோடு பாருங்கள்.

திருப்பிப் போடும் அட்டவணை கட்டிலில் தொங்கும். ஓர் இடத்தில் காலை 10 மணிக்குப் போனேன். மதியம் 2 மணிக் கட்டத்திலும் டிக் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, காரில் ஏறிவிட்டேன்.

மொழி இன்னொன்று. ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள்தான் இப்போது பல இல்லங்களில் வேலை செய்கிறார்கள். பலருக்கு நல்ல கை. ஆனால் பக்கவாதத்தில் நாக்கு குழறும் ஒருவர் "ஒண்ணுக்கு" என்பதை நமக்கே புரியாமல் சொல்வார். ஒவ்வொரு ஷிப்டிலும் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள், குறிப்பாக இரவில்.

மருத்துவ சிகிச்சையும் தருகிறோம் என்று சொல்லும் இடமானால் 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும், தேதியைப் பாருங்கள்.

சென்னைக்கென்று ஒரு கேள்வி: மழை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் படுக்கை இருந்தால் தண்ணீர் வரும்போது யார் மேலே தூக்குவார்கள்? ஏர் பெட்டும் ஆக்சிஜன் மெஷினும் கரண்ட் இல்லாமல் ஓடாது. ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பேஸ்மென்ட்டில் இருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரி.

## 3. மறுவாழ்வு மையம்

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு படி. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, நீண்ட ஐசியூ வாசம் இவற்றுக்குப் பிறகு. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் மீட்சி வேகமாக இருக்கும். அந்தக் காலத்தை வெறும் படுக்கையில் கழித்துவிட்டால் பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் அதே பலன் வராது. தினமும் பிசியோ, பேச்சுப் பயிற்சி, விழுங்கும் பயிற்சி, நர்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இரவிலும் நர்ஸ் விழித்திருந்தார், அதை நான் இரண்டு முறை சோதித்தேன்.

விலைதான் பயம். நாள் கணக்கில் பில் வரும். இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்: பெரும்பாலான பாலிசிகள் வெறும் பராமரிப்புக்குப் பணம் தருவதில்லை. 2024 அக்டோபரில் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வந்த 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் அட்டையும் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். சேரும் அன்றே வெளியேறும் தேதியையும் இலக்கையும் எழுதி வாங்குங்கள். "5 வாரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்" என்பது எங்கள் இலக்கு, அத்தை நான்காவது வாரமே நின்றார். அதற்குப் பிறகு முன்னேற்றம் மட்டுப்பட்டதும் வெளியே வந்துவிட்டோம். இலக்கு இல்லாமல் தங்கினால் இது விலை உயர்ந்த பராமரிப்பு இல்லம், அவ்வளவுதான்.

## 4. அறக்கட்டளை இல்லங்கள்

சாவித்திரி வைத்தி 1978-ல் தொடங்கிய விஸ்ராந்தி போன்றவை யாருமற்ற முதியவர்களுக்காக ஏற்பட்டவை. பிள்ளைகள் சம்பாதிக்கிற குடும்பம் அந்தப் படுக்கையைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கம்பக்கத்தில் ஆதரவில்லாத ஒருவருக்காகத் தேடுகிறீர்கள் என்றால் முதியோர் உதவி எண் 14567-ல் கேளுங்கள். படுத்த படுக்கையானவரைச் சேர்ப்பார்களா என்பதை முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வீடு | பராமரிப்பு இல்லம் | மறுவாழ்வு மையம் |
|---|---|---|---|
| இரவு 2 மணி | தனி இரவு ஆள் இருந்தால்தான் | ஷிப்ட் உண்டு, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் | நர்ஸ் இருப்பார் |
| ஊசி, குழாய், புண் | நர்ஸ் வைத்தால் மட்டும் | இடத்துக்கு இடம் மாறும் | நன்று |
| மறைந்திருக்கும் செலவு | ஆள் மாற்றம், கட்டில் வாடகை, நம் லீவு | டயப்பர், பிசியோ, டெபாசிட், ஆஸ்பத்திரி நாட்கள் | ஒவ்வொரு நாளும் |
| மறதி நோய்க்கு | பழகிய இடம், நல்லது | தனிப் பிரிவு இருந்தால் | பெரும்பாலும் வேண்டாம் |
| எப்போது | உதவி ஒன்றிரண்டு வேலைக்கு | ஐந்து ஆறு வேலைக்கு, நீண்ட காலம் | முதல் மூன்று மாதம் |

## சேர்த்த பிறகு

முதல் மாதத்தை ஒத்திகை என்று சொல்லிச் சேருங்கள். வாரம் இரண்டு முறையாவது வெவ்வேறு நேரத்தில் போங்கள். போனதும் நலம் விசாரித்துக்கொண்டே சாக்ஸைக் கழற்றிக் குதிகாலையும், ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பின் இடுப்பையும் பாருங்கள். எடையை மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். சாப்பாடு சரியில்லை என்பதை நோயாளி சொல்வதற்கு முன் எடை சொல்லிவிடும். குறை இருந்தால் முதலில் இன்சார்ஜ் சிஸ்டரிடம், எழுத்தில். பணத் தகராறு முற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

சேரப் போகிறவரிடம் கேட்டீர்களா? நாங்கள் முதல் இல்லத்துக்கு "ரெண்டு நாள் டெஸ்ட்" என்று பொய் சொல்லித்தான் அத்தையைக் கூட்டிப்போனோம். இரண்டாவது முறை மூன்று இடத்தின் பெயரையும் சொல்லி, கூடவே இருந்து தீர்மானித்தோம். அவர் கேட்டது இரண்டே கேள்வி. டிகாஷன் காபி உண்டா? ராத்திரி கூப்பிட்டா வருவாங்களா?

அந்த இரண்டாவது கேள்விக்காக மூன்று இடத்திலும் ஒரே விஷயத்தைக் கேட்டேன்: முதல் இரண்டு ராத்திரி நான் கூடத் தங்கலாமா? ஓர் இடத்தில் அதற்கு ரூல்ஸில் இடமில்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. நங்கநல்லூர் பக்கம் இருந்த மூன்றாவது இடம் சின்னது. போட்டோவில் போட்டுக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அங்கே இரவு டியூட்டி சிஸ்டர் சொன்னார்: "தாராளமா இருங்கம்மா. கொசு ஜாஸ்தி, போர்வை மட்டும் கொண்டு வந்துடுங்க."

அங்கேதான் சேர்த்தோம்.